வீடியோ ஏன் சுத்திக்கிட்டே இருக்கு? கைபேசிக் காணொலி உங்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ப மாறும் விதம்



அரசு சேவைகளில் பல இப்போது காணொலி வழியாகவும் நம் கைக்கு வருகின்றன. 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபில் பார்க்கலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேசலாம். மழை எச்சரிக்கை, திட்ட விளக்கம், விண்ணப்பம் நிரப்பும் முறை என்று எல்லாமே வீடியோவாக வருகிறது.

ஆனால் திருநெல்வேலி சந்திப்பில் தெளிவாக ஓடிய அதே வீடியோ, பாபநாசம் தாண்டிக் காரையாறு சாலையில் ஏறினதும் மங்கலாகி, பிறகு வட்டமாகச் சுத்த ஆரம்பிக்கிறது. உடனே நம்ம என்ன சொல்றோம்? "ஃபோன் பழசாப் போச்சு, மாத்தணும்." இல்லேன்னா, "இன்னும் பெரிய பேக் போட்டாத்தான் சரியாகும்." இரண்டுக்கும் பணம் செலவாகும். இரண்டிலும் குறை தீராமல் போகலாம். பணத்தை எடுப்பதற்கு முன்னால், வீடியோ எப்படி நம் கைக்கு வருகிறது என்று ஒரு தடவை தெரிந்துகொள்வோம். பாடத்தின் முடிவில் மூன்று விஷயம் உங்களுக்குக் கைவரும்: தடங்கல் எங்கே என்று கண்டுபிடிப்பது, டேட்டாவை மிச்சம் பிடிப்பது, அவசர நேரத்தில் எதை நிறுத்தி எதைக் காப்பாற்றுவது.

1. குளத்தில் தண்ணீர் இருந்தால் வயல் காயாது

தாமிரபரணிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் நம் ஆற்றில் உண்டு. அங்கிருந்து பிரியும் கால்வாய்கள் வயலுக்கும் பாய்கின்றன, குளங்களையும் நிரப்புகின்றன. திருநெல்வேலி டவுன் நயினார்குளத்துக்குத் தண்ணீர் வருவது நெல்லைக் கால்வாயில்தான். கால்வாயில் இரண்டு நாள் வரத்து குறைந்தாலும் குளத்துப் பாசனம் உடனே நின்றுவிடாது. குளத்தில் இருப்பை மடை வழியாகத் திறந்துவிட்டுச் சமாளிப்போம்.

உங்கள் ஃபோனிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. வீடியோ ஓடும்போது, திரையில் நீங்கள் பார்க்கும் இடத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே அடுத்த பகுதிகளை ஃபோன் இறக்கி வைத்துக்கொள்ளும். இந்தச் சேமிப்புக்கு பஃபர் என்று பெயர். யூடியூபில் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் வெளிர் நிறத்தில் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் உங்கள் குளத்து இருப்பு. நெட்வொர்க் வரத்து பத்து விநாடி நின்றாலும், இருப்பு இருபது விநாடிக்கு இருந்தால் உங்களுக்குத் தடங்கல் தெரியவே தெரியாது. இருப்பு காலியானால்தான் வட்டம் சுத்தும்.

ஆகவே வட்டம் சுத்துவதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: செலவு வரத்தைவிட அதிகமாகிவிட்டது. இதைச் சரிசெய்ய வரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது செலவைக் குறைக்க வேண்டும். வரத்து டவர் கையில். செலவு ஃபோன் கையில்.

2. ஒரே பாடத்துக்கு ஐந்தாறு பிரதிகள்

பாபநாசத்தில் தண்ணீர் கம்மியாக இருக்கும் வருஷத்தில் விவசாயி நிலத்தைச் சும்மா போட்டுவிடுவதில்லை. நீண்ட கால நெல்லை விட்டுவிட்டுக் குறுகிய கால ரகத்துக்குப் போவார். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற பயிர்.

வீடியோ நிறுவனங்களும் இதையேதான் செய்கின்றன. நீங்கள் பார்க்கும் ஒரு கணக்குப் பாடம் சர்வரில் ஒரே கோப்பாக இருப்பதில்லை. 144பி, 240பி, 360பி, 480பி, 720பி, 1080பி என்று பல தரங்களில் தனித்தனிப் பிரதிகளாக இருக்கும். ஒவ்வொரு பிரதியும் சில விநாடி நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் கூடவே இருக்கும். வீடியோவைத் தொட்டதும் ஃபோன் முதலில் வாங்குவது அந்தப் பட்டியலைத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஃபோன் ஒரு முடிவு எடுக்கிறது. போன துண்டு எவ்வளவு வேகமாக வந்தது? இருப்பு எத்தனை விநாடிக்கு இருக்கிறது? இரண்டையும் பார்த்து, அடுத்த துண்டை 720-ல் கேட்பதா, 360-க்கு இறங்குவதா என்று தீர்மானிக்கும். முடிவெடுப்பது சர்வரும் இல்லை, டவரும் இல்லை. உங்கள் கையிலிருக்கும் செயலிதான். வீடியோ ஆரம்பித்த சில விநாடி மங்கலாக இருந்து பிறகு தெளிவாவது இதனால்தான். வரத்து எவ்வளவு என்று தெரியாத நிலையில் செயலி சின்னத் துண்டாகக் கேட்டு ஆழம் பார்க்கிறது.

இந்த முறை வருவதற்கு முன்னால் ஒரே தரத்தில்தான் வீடியோ வரும். வேகம் பத்தாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். 2009-ல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோனுக்காகத் துண்டு முறையைக் கொண்டுவந்தது. 2012-ல் டேஷ் என்ற பெயரில் இதற்குச் சர்வதேசத் தரநிர்ணயம் வெளியானது. 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு, வேகத்தை ஊகிப்பதைவிடக் குளத்து இருப்பைப் பார்த்தே முடிவெடுப்பது நல்லது என்று காட்டியது. அப்படிச் செய்தபோது வீடியோ நின்று நின்று ஓடுவது 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது.

படம் மங்கலாவதைப் பார்த்துப் பலர் எரிச்சல்படுகிறார்கள். உண்மையில் அது செயலி உங்களுக்காகச் செய்யும் காரியம். குரல் அறுந்துபோகாமல் பாடம் தொடரட்டும் என்று படத்தின் கூர்மையை விட்டுக்கொடுக்கிறது.

3. காற்றில் வரும் பாதை ஏன் அடிக்கடி மாறுது?

கம்பி வழியாக வரும் இணையத்தின் வேகம் பெரும்பாலும் நிதானமாக இருக்கும். அலைவழி இணையம் அப்படி இருக்காது. நான்கு காரணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தூரம்: டவருக்குப் பக்கத்தில் நல்ல சிக்னலில் இருந்தால், 4ஜி ஒவ்வொரு அலைத்துடிப்பிலும் 6 பிட்டோ அதற்கு மேலோ ஏற்றி அனுப்பும். ஓரத்தில் இருக்கும் ஃபோனுக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும். அதிலும் பிழை திருத்தத்துக்கென்று ஒரு பங்கு போய்விடும். அதாவது அதே டவர், அதே அலைக்கற்றை, வேகம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கால்வாயில் கடைமடைக்காரர் படும் பாடுதான் இது.

மலையும் சுவரும்: குறைந்த அதிர்வெண் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகம் தரும், ஆனால் தூரமும் ஊடுருவலும் குறைவு. பொதிகை மலையடிவாரத்திலும் மாஞ்சோலை போகிற வழியிலும் ஒரு வளைவு திரும்பினாலே மலை டவரை மறைத்துவிடும். கான்கிரீட் வீட்டின் உள் அறையிலும் இதே கதைதான்.

கூட்டம்: ஒரு டவரின் வேகம் அதன் கீழே இருக்கும் எல்லோருக்கும் பொது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று பாருங்கள். சிக்னல் கோடு முழுசா இருக்கும், வீடியோ நகராது. அந்தக் கோடுகள் அலையின் பலத்தை மட்டுமே காட்டும். வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று காட்டாது. தொலைக்காட்சி ஒளிபரப்பு என்றால் ஒரே அலையை ஆயிரம் பேர் பார்க்கலாம். இணைய வீடியோவில் பொதுவாக ஆயிரம் பேருக்கு ஆயிரம் தனித்தனிப் பங்கு போக வேண்டும்.

நகர்வு: திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று போகும்போது உங்கள் ஃபோன் ஒரு டவரிடமிருந்து அடுத்த டவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரத்து ஒரு கணம் தடுமாறும். ஊர் அருகே வேகம் கூடும், வயல்வெளியில் குறையும். இருப்பு நிறைய இருந்தால் இது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓரத்தில் இருக்கும் ஃபோன் ஒரு எம்.பி. இறக்க, டவர் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அந்த நேரம் அக்கம்பக்கத்தாரின் பங்கிலிருந்தும்தான் போகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் நீங்கள் தரத்தைக் குறைத்துப் பார்த்தால் உங்கள் வீடியோ நிற்காமல் ஓடும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பாடமும் ஓடும்.

4. ஒரு வீட்டுக் கணக்கு

யூடியூப் ஒவ்வொரு தரத்துக்கும் பரிந்துரைக்கும் வேகம் இது. பக்கத்தில் உள்ளது அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் டேட்டா.

360பி: 0.7 எம்.பி.பி.எஸ். – சுமார் 315 எம்.பி.
480பி: 1.1 எம்.பி.பி.எஸ். – சுமார் 495 எம்.பி.
720பி: 2.5 எம்.பி.பி.எஸ். – சுமார் 1125 எம்.பி.
1080பி: 5 எம்.பி.பி.எஸ். – சுமார் 2250 எம்.பி.

வீடியோவைப் பொறுத்து இது கூடும், குறையும். கரும்பலகைப் பாடத்துக்குக் குறைவாகவும், கிரிக்கெட்டுக்கு அதிகமாகவும் ஆகும். கணக்குப் போட இது போதும்.

ஒரு வீட்டில் ஒரே ஃபோன், தினம் 1.5 ஜி.பி. பேக். இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு 40 நிமிடப் பாடம். 720பி-யில் பார்த்தால் ஆளுக்கு 750 எம்.பி. இரண்டு பேருக்கும் சேர்த்து 1500 எம்.பி. அவ்வளவுதான், அன்றைய பேக் முடிந்தது. அதே இரண்டு பாடத்தையும் 360பி-யில் பார்த்தால் 420 எம்.பி. தான். மீதி ஒரு ஜி.பி.க்கு மேல் கையில் நிற்கும். ஆறு அங்குலத் திரையில் ஆசிரியர் பேசுவதைக் கேட்பதற்கு 360பி போதும். பலகையில் எழுத்து பொடிசா இருந்தால் மட்டும் 480-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பேக் முடிந்த பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறைக்கப்படும். அந்த வேகத்தில் 360பி-யின் 10 விநாடித் துண்டு வந்து சேர ஏறக்குறைய 110 விநாடி ஆகும். மிகக் குறைந்த 144பி கூடத் திணறும். மாலை நேரத்தில் "நெட்வொர்க் படுத்துருச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், முதலில் அன்றைய பேக் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

5. நாடே தரத்தைக் குறைத்த நாட்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுவதும் வீட்டிலிருந்து வேலையும் பொழுதுபோக்கும் இணையத்துக்கு மாறின. அலைவழி நெட்வொர்க் மீது பாரம் ஏறியது. மார்ச் 24-ம் தேதி நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், ஹாட்ஸ்டார், கூகுள், ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்கள் ஒரு முடிவை அறிவித்தன: மொபைல் நெட்வொர்க்கில் உயர்தரக் காணொலியை நிறுத்தி, அதிகபட்சம் 480பி மட்டுமே தருவது, ஏப்ரல் 14 வரை இது தொடரும். படம் கொஞ்சம் மங்கினாலும் எல்லோருக்கும் வரத்து கிடைக்கட்டும் என்பதே நோக்கம். தண்ணீர் குறைந்தபோது முறை வைத்துப் பாய்ச்சுவது நமக்குப் புதுசு இல்லையே!

6. மருத்துவரோடு பேசும்போது கணக்கு வேறு

இதுவரை சொன்னது பதிவு செய்த வீடியோவுக்கு. நேருக்கு நேர் பேசும் வீடியோ அழைப்பில் குளம் கட்ட நேரமே கிடையாது. மருத்துவர் இன்னும் சொல்லாத வார்த்தையை முன்கூட்டியே இறக்கி வைக்க முடியுமா? ஒரு விநாடிக்கும் குறைவான இருப்பை வைத்துக்கொண்டுதான் அழைப்பு ஓட வேண்டும். அதோடு உங்கள் முகமும் குரலும் மேலே போக வேண்டும். ஃபோனின் ஆற்றல் டவரைவிட மிகக் குறைவு என்பதால் மேலே போகும் வேகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

அதனால் இ-சஞ்சீவனி ஆலோசனைக்கு உட்காரும் முன் இவற்றைச் செய்யுங்கள். ஜன்னல் பக்கமோ வாசலிலோ உட்காருங்கள். அதே வைஃபையில் வேறு யாரும் வீடியோ பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஓடும் அப்டேட்டுகளை நிறுத்துங்கள். பரிசோதனை அறிக்கைகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுங்கள். குரல் அறுந்தால் "டாக்டர், வீடியோவை நிறுத்திட்டுப் பேசலாமா?" என்று கேளுங்கள். குரலுக்குத் தேவைப்படும் வேகம் படத்துக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான். மருந்தின் பெயரும் அளவும் காதில் தெளிவாக விழுவதுதான் முக்கியம். விழவில்லை என்றால் கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

7. வெள்ளம் வந்தால் வீடியோ கடைசி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் சிக்கினார்கள். பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன.

மின்சாரம் போனால் டவர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும்தான் ஓடும். ஒரு டவர் நின்றால் அதன் பாரம் பக்கத்து டவர் மீது விழும். அந்த நேரத்தில் வெள்ளக் காட்சியை எல்லோரும் வீடியோவாக அனுப்பினால், கூரை மேல் நிற்பவரின் ஒரு அழைப்பு உள்ளே போக இடம் கிடைக்காமல் போகலாம். ஆகவே வரிசையை மனதில் வையுங்கள்: முதலில் குறுஞ்செய்தி, அடுத்து குரல் அழைப்பு, பிறகு ஒரு புகைப்படம், கடைசியில்தான் வீடியோ. குறுஞ்செய்தி மிகச் சிறியது. சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் இடைவெளியில் போய்ச் சேர்ந்துவிடும். உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மழை எச்சரிக்கை வந்த அன்றே ஃபோனையும் பவர்பேங்கையும் சார்ஜ் போட்டு, தேவையான தகவல்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

8. இன்றே செய்யக்கூடியவை

யூடியூப் செட்டிங்ஸில் வீடியோ தர விருப்பம் என்ற பகுதிக்குப் போங்கள். மொபைல் நெட்வொர்க்குக்கு 'டேட்டா சேவர்', வைஃபைக்கு 'ஆட்டோ' என்று வையுங்கள். 1080-ல் நிரந்தரமாகப் பூட்டி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் இறங்கி வரும் வழியைச் செயலிக்கு அடைத்துவிடுகிறீர்கள்.

மலைப்பகுதிக்கோ ரயில் பயணத்துக்கோ கிளம்பும் முன், நல்ல சிக்னல் இருக்கும் இடத்திலேயே பாடங்களை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சிக்னல் ஓரத்தில் ஃபோன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினால், சிம் செட்டிங்ஸில் 4ஜியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நிலையாக இருக்கும்.

வீட்டுக்குள் இரண்டு அடி நகர்ந்து பாருங்கள். உள் அறையிலிருந்து ஜன்னலுக்கு வருவதற்குக் காசு ஆகாது.

9. தடங்கல் யாருடையது? நீங்களே சோதித்துப் பாருங்கள்

யூடியூப் செட்டிங்ஸில் பொதுப் பகுதியில் 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற வசதியை இயக்குங்கள். பிறகு ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதன் அமைப்புப் பட்டியலிலிருந்து அதைத் திறந்தால் திரை மேல் சில எண்கள் வரும். அதில் 'பஃபர் ஹெல்த்' என்பது உங்கள் குளத்து இருப்பு, விநாடிக் கணக்கில். அதைக் கவனித்தபடி இந்த நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

ஒன்று: பேக் மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இரண்டு: 360-க்கு இறக்கினதும் இருப்பு ஏறுகிறதா? ஏறினால் ஃபோனில் குறையில்லை. வரத்துக்கு மேல் செலவு செய்திருக்கிறீர்கள்.

மூன்று: அதே இடத்தில் அதிகாலையில் நன்றாக ஓடி, இரவு எட்டு மணிக்குத் திணறுகிறதா? அப்படியானால் டவரில் நெரிசல்.

நான்கு: எல்லா நேரத்திலும், வாசலில் நின்றாலும் திணறுகிறதா? சிக்னல் உங்கள் பகுதிக்குச் சரியாக எட்டவில்லை.

மூன்றாவது, நான்காவது விடை வந்தால் அதைத் தீர்க்க வேண்டியது சேவை நிறுவனம். 198 என்ற இலவச எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். குறை தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போகலாம். டிராயின் 2024-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, நிறுவனங்கள் தங்கள் சேவை எந்தெந்தப் பகுதிக்கு எட்டுகிறது என்ற வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். சிம் வாங்கும் முன்னும், வேறு நிறுவனத்துக்கு மாறும் முன்னும் உங்கள் ஊர் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புகார் சொல்லும்போது "நெட் வரலை" என்று மட்டும் சொல்லாமல், இடம், நேரம், எத்தனை நாளாக, வாசலில் எப்படி, உள்ளே எப்படி என்று சொன்னால் பொறியாளருக்கு வேலை சுலபமாகும், உங்களுக்கும் பதில் கேட்கப் பிடி கிடைக்கும்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி மூலம் இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் செயல்படுத்துகிறது. ஊருக்குள் கம்பி வரத்து கூடினால் அலைவழியின் பாரம் குறையும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், வரத்தைப் பார்த்துச் செலவு செய்யும் பழக்கம் நம் கையில்தான் இருக்கிறது. இன்று மாலை பிள்ளைகள் பாடம் பார்க்க உட்காரும் முன், தரத்தை 360-ல் வைத்து ஃபோனைக் கொடுங்கள். இரண்டு பேர் பாடமும் முடிந்த பிறகு பேக்கில் எவ்வளவு மிச்சம் என்று அவர்களையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.